மருந்தின் வேகமும் மழலையின் உடலும்

புற்றுநோய் முதியோரைப் பற்றும் நோய் என்றே நம்மவரில் பலர் எண்ணியிருக்கின்றனர். பால்மணம் மாறாத குழந்தைக்கும் அது வரக்கூடும் என்று கேட்டால் திடுக்கிடுகின்றனர். வந்துவிட்டது என்று மருத்துவர் உரைத்தபின் பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, "பிழைக்குமா?" என்பது. இரண்டாவது கேள்வி மருத்துவரிடம் கேட்கப்படுவதில்லை; உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்கப்படுகிறது. "இந்தச் சின்ன உடம்பு அந்த மருந்தைத் தாங்குமா?" முதற் கேள்விக்கு விடையளிப்பது மருத்துவர் பணி. இரண்டாவது கேள்விக்கு அண்டை வீட்டார் அளிக்கும் விடையோ சில வேளைகளில் குழந்தையின் உயிரையே வாங்கிவிடுகிறது. "தாங்காது, ஊருக்கு அழைத்துப் போய்விடு" என்ற சொல்லைக் கேட்டு, நோய் பாதி அடங்கிய நிலையில் சிகிச்சையை நிறுத்திவிட்டு ரயிலேறிய குடும்பங்கள் உண்டு.

நான் மருத்துவம் கற்றவன் அல்லேன். எங்கள் அலுவலக நண்பர் ஒருவரின் ஆறு வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டு, பரேலுக்கு நடந்த நாட்களில், ஹிந்தியும் மராட்டியும் அறியாத அவள் தாய்க்கு மொழிபெயர்ப்பாளனாக உடன் சென்று வந்தேன். அவ்வகையில் கேட்டவற்றையும், பின்னர் ஆர்வத்தால் தேடிப் படித்தவற்றையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பது தவறாகாது என்று நம்புகிறேன். மருந்தின் அளவையோ நாளையோ எவரும் இக்கட்டுரையைக் கொண்டு மாற்றிவிடலாகாது. மருத்துவரிடம் எதைக் கேட்பது என்பதற்கு இது உதவினால் போதும்.

கீமோ என்று சுருக்கமாக வழங்கும் இம்மருந்துகள் ஏன் இவ்வளவு துன்பம் தருகின்றன? விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவதே அவற்றின் தொழில். புற்று விரைந்து பெருகுகிறது, ஆகவே அடிபடுகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜையும், மயிர்க்காலும், வாயிலிருந்து குடல்வரை உள்ள மென்தோலும் விரைந்து பெருகுவனவே. மருந்துக்கு இது நண்பன், அது பகைவன் என்ற பேதம் முற்றிலும் தெரிவதில்லை. தலைமயிர் உதிர்வதும், வாய் புண்ணாவதும், இரத்த அணுக்கள் குறைவதும் இதனாலேயே. இவற்றைக் கண்டு மருந்து விஷமாகிவிட்டது என்று அஞ்ச வேண்டுவதில்லை. அவ்வாறே, "இது இயல்புதானே" என்று எல்லாவற்றையும் பொறுத்திருக்கவும் கூடாது. எதைப் பொறுப்பது, எதற்கு ஓடுவது என்று அறிவதில்தான் எல்லாம் இருக்கிறது.

பகைவனை அடித்து நண்பனைக் காக்கும் முயற்சிக்கு ஓர் அரிய வரலாறு உண்டு. அதன் தொடக்கம் இந்தப் பரேலிலேயே நிகழ்ந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். இங்குள்ள பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகைக்கு ஆளாகி மடிந்துகொண்டிருந்தனர். பரேலிலுள்ள ஹாஃப்கின் நிலையத்தில் அவர் அதனை ஆராய்ந்தார். குன்னூரிலும், சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா ஆஸ்பத்திரியிலும்கூடப் பணிபுரிந்தார். ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான பண்டம் அப்பெண்களைக் குணப்படுத்தியது என்று 1931-ல் வெளியிட்டார். அதில் மறைந்திருந்த சத்தே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று கர்ப்பிணிகளுக்கெல்லாம் மாத்திரையாக அளிக்கப்படுவது அதுதான்.

கதை அத்துடன் முடியவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் குழுவினர், 1940களின் நடுவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தத்துக்கு நன்மை செய்யும் சத்து இரத்தப் புற்றுக்கும் நன்மை செய்யலாகாதா என்று எண்ணி இவ்வகைச் சத்தைக் குழந்தைகளுக்கு அளித்தார். நோய் குறைவதற்கு மாறாக விரைந்து வளர்ந்ததாக அவருக்குத் தோன்றிற்று. புற்று இதை உண்டு கொழுக்குமாயின், இதனைப் பெறவொட்டாமல் தடுத்தால் பட்டினியால் சாகுமன்றோ? அத்தகைய தடுப்பு மருந்தையும் சுப்பாராவின் குழுவினரே ஆக்கிக் கொடுத்தனர். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதென்று ஃபார்பர் 1948 ஜூனில் அறிவித்தார். அதுவரை இந்நோய்க்கு எந்த மருந்தும் பயன்பட்டதில்லை. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். இன்று நம் குழந்தைகளுக்கு அளிக்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட் அந்த வரிசையில் வந்ததே.

மெத்தோட்ரெக்ஸேட்டைப் பேரளவில் நரம்பு வழியாகச் செலுத்தும்போது, அது புற்றையும் நல்ல உயிரணுக்களையும் சேர்த்தே பட்டினியிடும். ஆதலால் குறித்த நேரம் கடந்ததும், ஏறத்தாழ ஒன்றரை நாளில், லூக்கோவோரின் என்னும் மருந்தைத் தொடங்குகின்றனர். ஃபோலிக் அமிலத்தின் மற்றொரு வடிவமே அது. மெத்தோட்ரெக்ஸேட் அடைத்துவிட்ட வழியைச் சுற்றிக்கொண்டு உள்ளே சென்று, நல்ல உயிரணுக்களை மீட்கிறது. மருத்துவர்கள் இதற்கு "மீட்பு" என்றே பெயரிட்டிருக்கின்றனர். அந்த நாட்களில் செவிலியர் மணிக்கணக்குப் பார்த்து ஊசி போடுவதும், இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிப்பதும், ஓயாமல் நீர் ஏற்றுவதும், சிறுநீரைத் தாளில் நனைத்துப் பார்ப்பதும் வீண் சடங்குகள் அல்ல. மருந்து சிறுநீரகத்தில் படிந்து தங்காமல் வெளியேற வேண்டும். ஒரு வேளை லூக்கோவோரின் தாமதமானாலும் வாயும் குடலும் புண்ணாகிவிடும். நேரம் தவறினால் நயமாகக் கேட்பதற்குப் பெற்றோர் கூச வேண்டுவதில்லை.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் பெறலாம். குழந்தை வெளுத்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு உறவினர் வாங்கி வரும் சத்து டானிக்குகளில் ஃபோலிக் அமிலம் கலந்திருத்தல் கூடும். அது மெத்தோட்ரெக்ஸேட்டின் வேலையைக் கெடுக்கும். புட்டியை மருத்துவரிடம் காட்டாமல் ஒரு கரண்டியும் கொடுக்கலாகாது.

இனி, எல்லாவற்றிலும் தலையாயதாகிய காய்ச்சலுக்கு வருவோம்.

கீமோ செலுத்தி ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள், கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். "கவுண்ட் இறங்கிவிட்டது" என்று மருத்துவமனையில் பேசிக்கொள்வது இதைத்தான். அந்நாட்களில் கிருமி புகுந்தால் சீழ் கட்டாது, வீக்கமும் தோன்றாது, அவற்றை உண்டாக்கும் வெள்ளணுக்களே இல்லையன்றோ! காய்ச்சல் ஒன்றே அடையாளம். வெப்பமானியில் 100.4 டிகிரி பாரன்ஹீட், அல்லது உங்கள் மருத்துவமனை குறித்துக் கொடுத்த அளவு, தென்பட்டால் அது அவசரம். எங்கள் நண்பரின் மனைவி ஒரு நாள், "அண்ணா, நடுராத்திரியில் காய்ச்சல் வந்தால் விடியும் மட்டும் பொறுக்கலாமா என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். மருத்துவர் ஒரு கணமும் யோசியாமல், பொறுக்கலாகாது, டாக்ஸி பிடித்து அப்போதே புறப்பட வேண்டும் என்றார். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் கிருமிநாசினி மருந்து நரம்பில் ஏற வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்டிருக்கும் விதி. அந்த ஒரு மணிக்காக அவர்கள் பாடுபடும்போது, நாம் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரத்தைக் கழிப்பது தகுமா?

அன்று அவர் மேலும் இரண்டு செய்திகளைக் கூறினார். மருத்துவமனையைக் கேளாமல் பாரசிட்டமால் கொடுக்கக் கூடாது. அது காய்ச்சலை மறைத்துவிடும், கிருமியைக் கொல்லாது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகையறாவைத் தொடவே கூடாது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கையில் அவை குருதிக் கசிவை மிகுவிக்கும். குழந்தையின் ஆசனவாயில் வெப்பமானி வைப்பதையும் எனிமா கொடுப்பதையும் தவிர்க்கச் சொன்னார். நண்பர் வீட்டில் ஒரு பை எப்போதும் கட்டியே இருந்தது. மருத்துவமனைக் கோப்பு, ஒரு மாற்றுடை, தண்ணீர்ப் புட்டி, டாக்ஸிக்கு வேண்டிய பணம், அவ்வளவுதான். அந்தப் பை மூன்று முறை இரவில் புறப்பட்டது. மூன்று முறையும் குழந்தை திரும்பி வந்தாள்.

பள்ளியிலோ குடியிருப்பிலோ ஒருவருக்கு அம்மை போட்டிருந்து, குழந்தை அவருடன் பழகியிருப்பின், கொப்புளம் தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். முன்கூட்டித் தடுக்கும் மருந்துக்குச் சில நாட்களே அவகாசம் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் உட்கொள்ளும்படி கோட்ரைமாக்ஸஸோல் என்னும் மாத்திரை தரப்படுவதுண்டு. ஒருவகை நிமோனியாவைத் தடுப்பதற்காகத் தருவது அது. குழந்தை நன்றாயிருக்கிறதென்று அதை நிறுத்திவிடுகிறவர்கள் பலர்.

வாந்தியைப் பற்றி முன்னாளில் இருந்த அச்சம் இன்று அவ்வளவு தேவையில்லை. 1990களின் தொடக்கத்தில் வந்த ஆன்டன்செட்ரான் என்ற மருந்து நிலைமையை மாற்றியது. அதற்குத் துணையாக அப்ரெபிடன்ட் என்னும் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்து, தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் முறையான சோதனை நடத்தி, நற்பயன் கண்டு 2015-ல் வெளியிட்டனர். இங்கே அறிய வேண்டுவது ஒன்றே. வாந்தி மருந்து வாந்தி வருமுன் கொடுக்கப்பட வேண்டியது. "குழந்தை இன்னும் வாந்தி எடுக்கவில்லையே, வீணாக எதற்கு மாத்திரை?" என்று சேமித்து வைப்பது சிக்கனமாகாது.

வாய்ப்புண்ணுக்கு மிருதுவான பிரஷும், காரமில்லாத உணவும், மருத்துவமனை சொல்லும் உப்புநீர்க் கொப்புளிப்பும் பெரிதும் உதவுகின்றன. பெரிய மருத்துவமனைகளில் மெல்லிய லேசர் ஒளியை வாய்க்குள் பாய்ச்சிப் புண்ணைத் தடுக்கவும் ஆற்றவும் செய்கின்றனர். வலியில்லாத வைத்தியம் அது; கேட்டுப் பாருங்கள்.

உணவு விஷயத்தில் நம் வீடுகளில் இருவகைப் பிழை நிகழ்கிறது. ஒரு சாரார், பத்தியம் என்று பாலையும் முட்டையையும் பருப்பையும் விலக்கி, குழந்தையை ரசம் சோற்றிலேயே வைத்துவிடுகின்றனர். மெலிந்த குழந்தைக்கு மருந்தின் தீமை மிகுதியாகிறது என்பது நம் நாட்டு மருத்துவர்கள் பலகாலமாகக் கண்டறிந்த உண்மை. மற்றொரு சாரார், தெருவில் விற்கும் வெட்டிய பழத்தையும் குல்ஃபியையும் வாங்கிக் கொடுத்துவிடுகின்றனர். கிருமியற்ற உணவு என்று பச்சைக் காய் கனிகளை முற்றும் விலக்குவதால் தனிப்பட்ட நன்மை ஏதும் இல்லை, தூய்மையாகச் சமைத்துப் பேணுவதே போதும் என்று குழந்தைகளிடம் நடந்த அமெரிக்கச் சோதனையொன்று 2018-ல் காட்டியது. ஆயினும் மும்பையின் குழாய்த் தண்ணீரும் ஈரக்காற்றும் நாம் அறிந்தவையே. கொதித்தாறிய நீர், சுடச்சுடச் சமைத்த இட்லி, பொங்கல், பருப்புச் சாதம், வெந்த முட்டை, நம் கையாலேயே கழுவித் தோலுரித்த வாழைப்பழம், இவற்றுக்குக் குறைவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை நடக்கும் வாரங்களில் நேர்மாறான வேடிக்கையைக் காணலாம். முகம் உப்பும், காரணமின்றி அழுகையும் கோபமும் வரும், இரவு இரண்டு மணிக்கு எழுந்து தோசை கேட்கும். தாய் அடித்துவிட்டுத் தானும் அழுவாள். அது குழந்தையின் குணமன்று, மாத்திரையின் குணம். உப்பையும் இனிப்பையும் மட்டுப்படுத்தலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் பெருந்தீங்கு.

நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது வின்கிரிஸ்டின் என்னும் மருந்து. 1963 முதல் வழக்கத்தில் உள்ளது. இதைக் கேட்டுவிட்டு இலையைக் காய்ச்சிக் குடிக்கக் கொடுப்பவர்களும் உண்டு! இலையில் அச்சத்து அணுவளவே உள்ளது. மற்ற விஷச்சத்துகளோ பல. வின்கிரிஸ்டின் நரம்பைத் தாக்குவதால் மலச்சிக்கல், தாடை வலி, கால் துவளுதல் ஆகியவை நேரும். மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கேட்டுப் பெறுக. குழந்தை நடக்கையில் பாதத்தைத் தேய்க்கிறதா, படியேறத் தடுமாறுகிறதா என்று கவனித்துச் சொல்லுக. உடற்பயிற்சி வல்லுநரின் உதவியால் பெரும்பாலும் சீராகிவிடும். இட்ராகொனஸோல் போன்ற பூஞ்சை மருந்துகள் வின்கிரிஸ்டினின் தீமையைப் பன்மடங்காக்கும். தெருமுனைக் கடையில் படை, தேமலுக்கென்று மாத்திரை வாங்கிக் கொடுப்பதில் உள்ள அபாயம் இதுவே.

செந்நிறமான டானோரூபிசின் ஏறிய பின் சிறுநீர் சிவப்பாகப் போவது மருந்தின் நிறமே. ஆனால் சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஏறிய பின் சிறுநீர் சிவந்தால் அது இரத்தமாக இருக்கலாம். உடனே தெரிவிக்க வேண்டும். அதைத் தடுக்கத்தான் மிகுதியாக நீர் குடிக்கச் சொல்கின்றனர்.

ஊசிகள் குறைந்து, வீட்டிலேயே மாத்திரை உட்கொள்ளும் நீண்ட காலம் வரும். 6-மெர்காப்டோப்யூரின் அக்காலத்தின் முதன்மையான மருந்து. சில குழந்தைகளுக்கு இயல்பான அளவே மிகுதியாகி, கவுண்ட் பாதாளத்துக்குச் சென்றுவிடும். இதற்குப் பிறவியிலேயே அமைந்த காரணங்கள் உள்ளன. மேல்நாட்டாரிடம் டி.பி.எம்.டி. என்ற மரபணுவே பெரிதும் காரணமாகிறது. என்.யு.டி.டி. 15 என்ற மற்றொன்று ஆசிய மக்களிடம் முக்கியமானது என்பது 2014, 2015 ஆண்டுகளில்தான் வெளியாயிற்று. இந்தியரிடமும் முன்னதைக் காட்டிலும் பின்னதன் மாறுபாடே மிகுதியாகக் காணப்படுகிறது. ஓர் இரத்தச் சோதனையால் இதை அறிந்து, மருந்தின் அளவைக் குறைத்து, துன்பத்தைத் தவிர்க்கலாம். மாத்திரை தொடங்குமுன் இச்சோதனை உண்டா என்று கேட்பது நலம். இதற்கு எதிரிடையான தவறும் உண்டு. குழந்தை ஓடியாடி விளையாடுகிறது, இனி எதற்கு என்று மாத்திரையை விட்டுவிடுதல். நூற்றுக்கு 95-க்குக் குறைவான அளவே உட்கொண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மிகுந்தது என்று 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகிறது. நண்பர் வீட்டு நாள்காட்டியில் ஒவ்வொரு இரவும் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். புள்ளி வைப்பது குழந்தையின் உரிமை.

துன்பத்தைக் குறைக்கும் பணி பெற்றோரோடு நிற்பதன்று. சிகிச்சை முறையையே மருத்துவ உலகம் செப்பனிட்டு வருகிறது. 1960களில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் டொனால்ட் பிங்கெல் என்பார், மூளையில் ஒளிந்திருக்கும் புற்றை அழிக்கத் தலைக்குக் கதிர்வீச்சு அளித்து, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளைப் பிழைக்க வைத்தார். பிழைத்தவர்கள் வளர்ந்தபோது படிப்பிலும் வளர்ச்சியிலும் பின்தங்கக் காணப்பட்டனர். பின்வந்தோர் முதுகுத்தண்டில் போடும் ஊசியைக் கொண்டு கதிர்வீச்சைப் படிப்படியாகக் குறைத்தனர். 2009-ல் அதே மருத்துவமனை, கதிர்வீச்சை அறவே நீக்கியும் நோயை வெல்லலாம் என்று காட்டியது. நம் நாட்டிலும் 1980களில் சென்னை அடையாறு, மும்பை டாடா, தில்லி ஆகிய மூன்று மருத்துவமனைகளும் ஒரே முறையை மேற்கொண்டு பல குழந்தைகளைக் காத்தன. அண்மைக் காலத்தில் பல நகரத்து மருத்துவமனைகள் கூடி நடத்திய ஐசிக்கிள் என்னும் சோதனையில், நோயின் கடுமை குறைந்த இளங்குழந்தைகளுக்கு ஸ்டீராய்டை ஐந்து வாரத்துக்குப் பதில் மூன்று வாரம் கொடுத்தால் தீமை குறையுமா என்று ஆராய எடுத்துக்கொண்டனர். நம் குழந்தைகள் மெலிந்தவர்கள், கிருமிக்கு எளிதில் இலக்காகிறவர்கள் என்பதை உணர்ந்து எழுப்பிய கேள்வி அது.

மற்றொரு செய்தி. கல்லீரல் புற்று முதலியவற்றுக்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் பல குழந்தைகளின் செவிப்புலனைக் கெடுத்துவிடும். அம்மருந்து செலுத்தி ஆறு மணி நேரத்துக்குப் பின் சோடியம் தயோசல்ஃபேட் என்ற உப்பை நரம்பில் ஏற்றிச் சோதித்தனர். அது பெறாதவர்களில் 63 சதவீதத்தினருக்குக் காது மந்தமாயிற்று. பெற்றவர்களிலோ 33 சதவீதத்தினருக்கே. 2018-ல் இது வெளியாயிற்று. 2022-ல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது. சிஸ்பிளாட்டின் பெறும் குழந்தைக்கு இடையிடையே செவிச் சோதனை நடத்தச் சொல்லிக் கேட்பது பெற்றோர் கடமை. பேச்சுப் பழகும் வயதில் செவி போனால் மொழியும் போய்விடுமே!

மொழி என்றதும் நம் நிலை நினைவுக்கு வருகிறது. "எத்தனை நாளாகப் பேதி?" என்ற ஒரு கேள்வி புரியாமல், தலையாட்டிவிட்டு வரும் தாய்மார்களை வெளிநோயாளர் கூடத்தில் கண்டிருக்கிறேன். தமிழறிந்த செவிலியரோ சமூகப் பணியாளரோ இருப்பின் துணை கேட்கலாம். நம் சங்கத்து இளைஞர்கள் வாரத்தில் ஒரு நாள் முறைவைத்துச் சென்றாலும் பெரும் பயன் விளையும். ஊரிலிருந்து வரும் குடும்பங்கள் நடைபாதையில் படுப்பதைத் தவிர்க்க, செயின்ட் ஜூட் இந்தியா என்னும் அமைப்பு 2006 முதல் மும்பையில் இலவசத் தங்குமிடம் நடத்தி வருகிறது. மருத்துவமனையின் பரிந்துரை தேவை. சுத்தமான இருப்பிடமும் ஒருவகை மருந்தே என்பதைக் காய்ச்சலைப் பற்றி மேலே கூறியவற்றிலிருந்து அறியலாம்.

என் தொழில் சார்ந்த செய்தியையும் சொல்லிவிடுகிறேன். புற்றுநோயாளர் சிகிச்சைக்கோ பின்சோதனைக்கோ செல்ல, ரயில்வே விதிப்படி ஸ்லீப்பரிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்பவர் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. உரிய படிவத்தில் மருத்துவமனை தரும் சான்றிதழை முன்பதிவுச் சாளரத்தில் காட்டிப் பெற வேண்டும். இதனை அறியாமல் முழுக் கட்டணம் கட்டியவர்களும், கட்டணத்துக்கு வழியின்றிப் பின்சோதனைக்கு வராமலே நின்றவர்களும் உண்டு.

பின்சோதனை ஓரிரு ஆண்டில் தீர்வதன்று. சில மருந்துகள் இதயத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் தளர்த்தக்கூடும். அதற்காக எக்கோ சோதனை வேண்டும். வளர்ச்சியையும் பருவமடைதலையும் படிப்பையும் கவனித்துவர வேண்டும். டாடா மருத்துவமனை 1991-லேயே சிகிச்சை முடித்தவர்களுக்கென்று தனிக் கிளினிக் தொடங்கியது. பெற்ற மருந்துகள், அவற்றின் மொத்த அளவு, கதிர்வீச்சின் விவரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதித் தரும்படி சிகிச்சை முடியும் நாளில் கேட்டு வாங்குங்கள். இடமாற்றம் நம் போன்ற குடும்பங்களுக்குப் புதிதன்று. நாளை நாக்பூருக்கோ விழுப்புரத்துக்கோ மாற்றலாகிப் போனாலும், அங்குள்ள மருத்துவர் அத்தாளைக் கொண்டே எதைச் சோதிப்பதென்று முடிவு செய்வார். நண்பர் அதை மூன்று படிகள் எடுத்து, ஒன்றை ரேஷன் அட்டையுடனும், ஒன்றை ஊரிலுள்ள தம் தமையனாரிடமும் வைத்திருக்கிறார். மூன்றாவது படி குழந்தையின் பள்ளிச் சான்றிதழ்களோடு இருக்கிறது.